சொகுசு கார் வாங்கும் முன் அதன் பிளாட்ஃபார்மைப் படிப்பது எப்படி

யாராவது சொகுசு கார் வாங்கப் போவதாகச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, அது எந்த பிளாட்ஃபார்ம், அதாவது எந்த அடித்தளத்தின் மேல் கட்டிய கார் என்பதுதான். பதிலாகப் பெரும்பாலும் பிராண்டின் பெயர்தான் வரும். பிராண்டை வைத்து ஒரு காரைப் பற்றி அதிகம் சொல்லிவிட முடியாது. ஆடி கியூ7, பென்ட்லி பென்டைகா, லம்போர்கினி உருஸ், மூன்றாம் தலைமுறை போர்ஷே கயென், 2018-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் டூவாரெக் ஆகிய ஐந்தும் எம்எல்பி ஈவோ என்ற ஒரே பிளாட்ஃபார்மில் கட்டப்பட்டவை. ஆனால் கியூ7-க்குப் பக்கத்தில் அதே ஷோரூமில் நிற்கும் கியூ3 அந்தக் குடும்பமே இல்லை. அது கோல்ஃப் காரின் எம்க்யூபி பிளாட்ஃபார்மைச் சேர்ந்தது.

என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பிளாட்ஃபார்மில் செடானும் எஸ்யூவியும் இருந்து, நான்கு பேருக்கு மேல் ஏற்ற வேண்டிய தேவை இல்லை, தார் ரோட்டை விட்டு இறங்கும் தேவையும் இல்லை என்றால், செடான்தான் நல்ல கார். நான் சொல்வதற்காக ஏற்றுக்கொள்ள வேண்டாம். நீங்களே பார்த்து, ஓட்டி, உட்கார்ந்து தெரிந்துகொள்ளும் வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளாட்ஃபார்ம் என்றால் வெறும் தரைத்தகடு என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் நீளவாக்கில் உட்காருமா குறுக்கே உட்காருமா, சஸ்பென்ஷன் எந்த இடத்தில் பிடிக்கும், மோதினால் அந்த விசை எந்த வழியாகப் போகும், வயரிங் எப்படி ஓடும் என்பதெல்லாம் அதிலேயே முடிவாகிவிடும். வீல்பேஸை, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரத்தை நீட்டலாம், அகலத்தைக் கூட்டலாம், மேலே செடான் உடலையோ எஸ்யூவி உடலையோ வைக்கலாம். முன் அச்சுக்கும் பெடலுக்கும் நடுவில் உள்ள தூரத்தை மட்டும் அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. எம்க்யூபியில் எல்லாக் கார்களுக்கும் பொதுவாக நிலைநிறுத்தி வைத்திருப்பதே அந்தத் தூரத்தைத்தான். அதனால் நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் பக்கவாட்டில் நின்று பாருங்கள்

காரிலிருந்து நாலைந்து அடி தள்ளிப் பக்கவாட்டில் நில்லுங்கள். முன் சக்கரத்துக்கும் முன் கதவின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் நீளவாக்கில் இருந்து பின் சக்கரத்தை ஓட்டும் கார்களில் இந்த இடம் தாராளமாக இருக்கும். சக்கரத்துக்கு முன்னால் பம்பர் சீக்கிரமே முடிந்துவிடும். குறுக்கு எஞ்சின் கார்களில் சக்கரம் கதவை நெருங்கி நிற்கும். மூக்கு சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும். குறுக்கே வைத்த எஞ்சினின் பக்கத்திலேயே கியர்பாக்ஸும், இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியலும் அடைபடுவதால், அச்சு எஞ்சினுக்குப் பின்னால்தான் வர முடியும். மெர்சிடிஸ் சி-கிளாஸையும் சிஎல்ஏவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சின்னமும் கிரில்லும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை, நிற்கும் தோரணை மட்டும் வேறு. முதலாவது பின்சக்கர ஓட்டத்துக்காக அமைத்த எம்ஆர்ஏ பிளாட்ஃபார்ம். இரண்டாவது, 2025-க்கு முந்தைய தலைமுறைகளில், ஏ-கிளாஸின் முன்சக்கர ஓட்டக் குடும்பம்.

இந்தக் கண் சோதனையை ஏமாற்றும் கார்கள் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆடியின் பெரிய கார்கள். எஞ்சின் நீளவாக்கில்தான் இருக்கும், ஆனால் அதன் பெரும்பகுதி முன் அச்சுக்கு முன்னால் தொங்கும். 2007-இல் ஏ5 வந்தபோது டிஃபரன்ஷியலை கிளட்சுக்கு முன்னால் கொண்டுபோய் முன் அச்சை சுமார் 15 செ.மீ. முன்னே நகர்த்தினார்கள். அதற்கு முந்தைய ஆடிகளையும் அதற்குப் பிந்தையவற்றையும் வளைவில் ஓட்டிப் பார்த்தால் அந்த 15 செ.மீ. என்ன செய்திருக்கிறது என்று ஸ்டியரிங்கிலேயே தெரியும். மற்றொன்று, வோல்வோ எக்ஸ்சி90, எஸ்90. இவற்றின் எஸ்பிஏ பிளாட்ஃபார்மில் எஞ்சின் குறுக்கேதான், அதுவும் நான்கு சிலிண்டர் மட்டும். ஆனாலும் முன் அச்சுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே வேண்டுமென்றே நிறைய இடம் விட்டிருப்பதால், பார்க்கும்போது பின்சக்கர ஓட்டக் கார் போலவே நிற்கும். அழகான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய முடியாது.

பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்

இப்போதைய கார்களில் பானெட்டைத் திறந்தால் கண்ணில் படுவது பிளாஸ்டிக் மூடிதான். ஓரத்தில் குனிந்து எஞ்சின் பெல்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேடுங்கள். கிரில்லைப் பார்த்து ஓடினால் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. பக்கவாட்டு ஃபெண்டரைப் பார்த்து ஓடினால் குறுக்கே இருக்கிறது. அப்புறம், இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் மேலே வந்து பிடிக்கும் இடங்களை ஒரு கற்பனைக் கோட்டால் இணைத்துப் பாருங்கள். எஞ்சினின் பெரும்பகுதி அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தால், எடை முன்னும் பின்னும் ஒழுங்காகப் பங்கிடப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம்.

இதனால் என்ன லாபம்? நீளவாக்கில் எஞ்சின் இருந்தால் முன் சக்கரங்களுக்கு நடுவே நெரிசல் குறைவு, அதனால் அவை அதிகக் கோணத்தில் திரும்பும். பெரிய காராக இருந்தும் குறுகிய இடத்தில் திரும்பிவிடும். பின்சக்கரம் மட்டும் ஓடும் காராக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஸ்டியரிங் கையை இழுக்காது. நஷ்டமும் உண்டு. பின் சக்கரத்துக்குப் போகும் தண்டுக்காகப் பின் இருக்கையின் நடுவில் பெரிய மேடு வரும். அங்கே மூன்றாவது ஆள் உட்கார்ந்தால் பாவம், கால்களை இரண்டு பக்கமும் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

அதனால்தான் லெக்சஸ் இஎஸ் காரை யாரும் மட்டமாகப் பேசினால் எனக்குப் பிடிப்பதில்லை. 2018-இல் வந்த ஏழாம் தலைமுறை இஎஸ், டொயோட்டா கேம்ரியோடு ஜிஏ-கே பிளாட்ஃபார்மைப் பகிர்ந்துகொள்ளும் முன்சக்கர ஓட்டக் கார். ஓட்டுகிறவருக்கு லெக்சஸின் பின்சக்கர ஓட்ட செடானான ஐஎஸ் தரும் துள்ளல் இதில் கிடைக்காது. ஆனால் உரிமையாளர் பின்னால் உட்காருகிறவர் என்றால், அந்த இடவசதிக்கும் அமைதிக்கும் இது மிக நல்ல தேர்வு. கேம்ரியின் பிளாட்ஃபார்ம் என்பதை நான் இதில் நல்ல அம்சமாகவே பார்க்கிறேன். லட்சக்கணக்கில் விற்று, அடிபட்டு, தேறிய அடித்தளம் அது.

பெயரை நம்பாமல் குறியீட்டைக் கேளுங்கள்

பெயர் மாறாமல் அடித்தளம் மாறிப்போன கார்கள் நிறைய. பிஎம்டபிள்யூ எக்ஸ்1 நல்ல உதாரணம். 2009-இல் வந்த முதல் தலைமுறையின் குறியீடு இ84, நீளவாக்கு எஞ்சின். 2015-இல் வந்த எஃப்48 முன்சக்கர ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டு குறுக்கு எஞ்சினுக்கு மாறியது. இடம் கூடியது, ஓட்டும் குணம் மாறியது, பெயர் அப்படியே இருந்தது. 2 சீரிஸில் குழப்பம் இன்னும் அதிகம். 2 சீரிஸ் கூப்பே ஜி42, பின்சக்கர ஓட்ட கிளார் பிளாட்ஃபார்ம். முதல் தலைமுறை 2 சீரிஸ் கிராண்ட் கூப்பே எஃப்44, முன்சக்கர ஓட்டக் குடும்பம். இரண்டுக்கும் ஒரே எண். மெர்சிடிஸில் ஜிஎல்ஏ, ஜிஎல்பி ஒரு வீடு. ஜிஎல்சி வேறு வீடு.

ஆகவே சேல்ஸ்மேனிடம் மாடல் பெயரோடு தலைமுறைக் குறியீட்டையும் கேளுங்கள். ஜி30, டபிள்யூ213, 4எம் என்று அவரும் சட்டென்று சொன்னால் நல்ல சேல்ஸ்மேன் கிடைத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் குறியீடு கையில் இருந்தால், அந்தத் தலைமுறைக்கே உரிய கோளாறுகள், எந்த உதிரிபாகம் எந்தக் காருக்குப் பொருந்தும், கியர்பாக்ஸ் எது என்று எல்லாவற்றையும் தேடிப் பிடித்துவிடலாம்.

ஒரே வீல்பேஸ், இரண்டு கார்கள்

பிஎம்டபிள்யூவின் ஜி30 தலைமுறை 5 சீரிஸ் செடானையும் ஜி05 தலைமுறை எக்ஸ்5-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிளார் பிளாட்ஃபார்ம். இரண்டின் வீல்பேஸும் 2,975 மி.மீ. இரண்டுக்கும் ஒரே மூன்று லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் இசட்எஃப் எட்டு கியர் பாக்ஸும் கிடைத்தன. ஆனால் எக்ஸ்5 கால் மீட்டருக்கும் மேல் உயரம், சுமார் 400 கிலோ கூடுதல் எடை. இந்த ஜோடியை ஒரே நாளில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். செடான், எஸ்யூவி பற்றிய விவாதத்துக்கு அதைவிடத் தெளிவான பதில் இல்லை.

உயரமும் எடையும் கூடினால் வளைவில் உடல் சாயும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலையில் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். சாய்வைக் குறைக்க ஸ்பிரிங்கையும், இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரையும் இறுக்க வேண்டும். இறுக்கினால், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது மொத்த உடலும் பக்கவாட்டில் ஆடும். உள்ளே இருப்பவர்களின் தலை இடமும் வலமும் வெட்டும். இதைத் தீர்க்க ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை வைத்த ஏர் சஸ்பென்ஷன், அதற்கும் மேலே 48 வோல்ட் மோட்டாரால் இயங்கும் ஆன்டி-ரோல் அமைப்பு என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். 2015-இல் அறிமுகமான பென்டைகா இதைப் போட்டது, அடுத்து ஆடி எஸ்க்யூ7 போட்டது. அபாரமான பொறியியல், மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் தாழ்வாக இருக்கும் செடானுக்கு இயல்பாகவே கிடைத்துவிடும் ஒன்றைத்தான் இத்தனை மோட்டார்களும் திரும்பப் பிடிக்கப் பார்க்கின்றன.

அமைதியிலும் செடானுக்கே முதலிடம். பின் இருக்கைக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது, டிக்கி தனி அறையாக மூடிக்கிடக்கிறது. அதனால் உடலின் முறுக்கு வலிமை கூடும், பின் டயர்களின் இரைச்சலும் அந்த அறைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். எஸ்யூவியில் டிக்கியும் பயணிகள் இருக்கும் இடமும் ஒரே கூடம். மெர்சிடிஸின் எஸ்-கிளாஸ் செடான் பின் இருக்கையில் கிடைக்கும் மௌனம் அவர்களின் ஜிஎல்எஸ் எஸ்யூவியின் நடு வரிசையில் கிடைக்காததற்கு எனக்குத் தெரிந்து முக்கியமான காரணம் இந்தச் சுவர்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எஸ்யூவியே சரி என்று நானே சொல்லும் இடங்களும் உண்டு. வீட்டில் முழங்கால் வலி உள்ளவர்கள் இருந்தால், குனியாமலும் ஏறாமலும் அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்துவிடக்கூடிய இருக்கை உயரம் விலைமதிப்பில்லாதது. பெரியவர்களே உட்காரக்கூடிய மூன்றாம் வரிசை வேண்டுமென்றால் செடானில் வழியே இல்லை; 3,135 மி.மீ. வீல்பேஸ் கொண்ட ஜிஎல்எஸ் மாதிரி ஒன்றைத்தான் பார்க்க வேண்டும். உண்மையான காட்டுப் பாதை, சேறு, பாறை என்றால் உடலுக்கு அடியில் ஏணி போன்ற தனி இரும்புச் சட்டம் (ஃபிரேம்) கொண்ட வண்டிகள் இருக்கின்றன. லேண்ட் குரூசர் 300-இன் ஜிஏ-எஃப் சட்டத்தில் 2021-இல் வந்த லெக்சஸ் எல்எக்ஸ், 1979 முதல் ஏணிச் சட்டத்தை விடாமல் வைத்திருக்கும் மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் ஆகியவை அந்த ரகம். ஜி-கிளாஸுக்கு 2018-இல் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். ஆனாலும் சட்டத்தையும் மூன்று டிஃபரன்ஷியல் பூட்டுகளையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்காகவே எனக்கு அந்த வண்டி மேல் தனி மரியாதை. ஆனால் தினமும் நகரத்துக்குள் ஓட்ட ஏணிச் சட்ட வண்டியை வாங்காதீர்கள். நல்ல ரோட்டிலும் ஒரு மெல்லிய நடுக்கம் விடாமல் இருந்துகொண்டே இருக்கும்.

கூரை சரிந்த கூப்பே எஸ்யூவிகளை, அதாவது 2008-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 தொடங்கி வைத்த வகையை, நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. எஸ்யூவியின் எடையும் உயரமும் அப்படியே இருக்கும். எஸ்யூவியால் கிடைக்கும் ஹெட்ரூமும் டிக்கி இடமும் போய்விடும். டிக்கி இடம்தான் தேவை என்றால், உங்களுக்குக் கிடைக்குமானால், செடானின் கூரையை டிக்கி வரை நீட்டிய எஸ்டேட் காரைப் பாருங்கள். ஆடி ஆல்ரோடு, வோல்வோ வி90 கிராஸ் கன்ட்ரி, ஈ-கிளாஸ் ஆல்-டெரெய்ன் எல்லாம் செடானின் தாழ்வோடு கொஞ்சம் கூடுதல் தரை இடைவெளியும் தருபவை. சொகுசுக் கார்களிலேயே உரிய மதிப்பு கிடைக்காத வகை இதுதான்.

டெஸ்ட் டிரைவில் செய்ய வேண்டியவை

வழுவழுப்பான நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டிக் காட்டுவதுதான் சேல்ஸ்மேனின் வழக்கம். அங்கே எல்லா சொகுசு காரும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மோசமான ரோடு, குறைந்த வேகம். 20, 30 கி.மீ. வேகத்தில் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் பள்ளத்தில் இறக்கி ஏற்றுங்கள். தலை எவ்வளவு ஆடுகிறது என்று கவனியுங்கள். ஸ்பீடு பிரேக்கரைக் கடந்த பிறகு உடல் ஒரே அசைவில் அடங்கினால் டேம்பர்கள் (ஷாக் அப்சார்பர்கள்) நன்றாக இருக்கின்றன. இரண்டு, மூன்று முறை மேலும் கீழும் போனால் நீண்ட பயணத்தில் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும்.

பின்னர் சாவியைக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். இதைச் செய்யாமல் சொகுசு கார் வாங்கவே கூடாது. அதே மோசமான ரோட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பின் சக்கர வளைவிலிருந்து எவ்வளவு சத்தம் வருகிறது என்று கேளுங்கள். ரேடியோ, ஏசி இரண்டையும் அணைக்கச் சொல்லுங்கள். தொடை முழுவதும் இருக்கையில் படிகிறதா, பாதம் முன் இருக்கைக்கு அடியில் போகிறதா என்று பாருங்கள்.

சக்கர அளவையும் கேளுங்கள். டெஸ்ட் டிரைவ் காரில் பெரும்பாலும் பெரிய சக்கரமே மாட்டியிருப்பார்கள். 255/50 ஆர்18 டயரில் பக்கச்சுவர் 127 மி.மீ. இருக்கும், 255/40 ஆர்20-இல் அது 102 மி.மீ.தான். டயரின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. அந்த 25 மி.மீ. ரப்பரும் காற்றும்தான் பள்ளத்தின் முதல் அடியை வாங்குகின்றன. இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. கிடைப்பதிலேயே சிறிய சக்கரத்தைத்தான் எடுப்பேன். பார்க்கக் கொஞ்சம் சாதாரணமாக இருக்கும், பரவாயில்லை. பஞ்சரானாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயர் போட்டிருந்தால் அதன் பக்கச்சுவர் இன்னும் விறைப்பாக இருக்கும். ஆகவே ஓட்டிப் பார்த்த காரில் எது இருந்தது, உங்களுக்கு வரும் காரில் எது இருக்கும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய காராக இருந்தால்

பிளாட்ஃபார்ம் அறிவு அதிகம் கைகொடுப்பது பழைய கார் வாங்கும்போதுதான். ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரை மாலையில் சமதரையில் நிறுத்தச் சொல்லி, காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன் நான்கு சக்கர வளைவுகளுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் ரப்பர்ப் பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் போகும். கனமான எஸ்யூவியில் சக்கரத்தை உடலோடு பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்கள் சீக்கிரம் தேயும். மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது முன்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுவதும் கவலையில்லை என்று சிலர் சொல்வார்கள். இசட்எஃப் எட்டு கியர் பாக்ஸைச் செய்யும் நிறுவனமே ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஆகவே மாற்றிய ரசீதைக் கேளுங்கள். பிளாட்ஃபார்மையும் கியர்பாக்ஸையும் பல கார்கள் பகிர்ந்துகொள்வது இங்கே உங்களுக்குச் சாதகம். அதை அறிந்த மெக்கானிக்குகள் அதிகம், பாகங்களும் அதிகம்.

மின்சாரக் காராக இருந்தால்

இங்கே கேள்வி சற்று மாறும். பெட்ரோல் காரும் மின்சாரக் காரும் ஒரே உடலைப் பகிர்கின்றனவா, மின்சாரத்துக்கென்றே கட்டிய பிளாட்ஃபார்மா என்று பார்க்க வேண்டும். 2022-இல் வந்த ஜி70 தலைமுறை பிஎம்டபிள்யூ 7 சீரிஸும் அதன் மின்சார வடிவமான ஐ7-ம் ஒரே உடல். பேட்டரிக்குத் தரையில் இடம் கொடுக்க, முந்தைய தலைமுறையைவிடக் கார் சுமார் 6 செ.மீ. உயர்ந்துவிட்டது, ஐ7-இன் எடை 2.6 டன்னைத் தொடுகிறது. 2021-இல் வந்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் தனி மின்சார பிளாட்ஃபார்மில் கட்டியது; காற்றுத்தடை எண் 0.20 என்ற அளவுக்கு வழவழப்பான உருவம், பின்னால் ஹேட்ச் கதவு. காகிதத்தில் தனி பிளாட்ஃபார்ம்தான் ஜெயிக்க வேண்டும். பின் இருக்கையைப் பொறுத்தவரை நான் ஐ7 பக்கம். ஈக்யூஎஸ்ஸின் வில் போல வளைந்த கூரை காற்றுக்காக வரைந்தது. ஐ7-இன் கூரை உட்காருகிறவருக்காக வரைந்தது.

எந்த மின்சார செடானையும் பார்க்கும்போது பின் இருக்கையில் உட்கார்ந்து முழங்காலைக் கவனியுங்கள். பேட்டரியால் தரை உயர்ந்து, கூரைக்காக இருக்கை தாழ்ந்திருந்தால், முழங்கால் இடுப்பைவிட மேலே நிற்கும், தொடை அந்தரத்தில் இருக்கும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு மேல் இடுப்பு தாங்காது. அப்படி இருந்தால் அதே பேட்டரியும் மோட்டாரும் உள்ள எஸ்யூவியைக் கேளுங்கள். செடான் பக்கம் நிற்கும் நானே எஸ்யூவியை எடுக்கச் சொல்லும் இன்னொரு இடம் இது.